கிறிஸ்துமஸ் அலங்காரமும் கிறிஸ்து பிறப்பின் பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் நெருங்க நெருங்க ஒரே மாதிரியான கேள்விகள் சபையிலும் வேதபாட வகுப்பிலும் வீட்டு ஜெபக் கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைகளில் மின்னும் மரங்களையும் நட்சத்திரங்களையும் விசுவாசி எப்படிப் பார்ப்பது, வீட்டில் எதை வைப்பது, எதை விடுவது, எவ்வளவு செலவழிப்பது என்பவைதான் அவை. இதில் திருச்சபைகளுக்குள் ஒரே கருத்து கிடையாது. வேறுபாடு உள்ள இடங்களில் இரண்டு பக்கத்தையும் சொல்லி, என் நிலைப்பாட்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அலங்காரத்தைப் பற்றிப் பேசுமுன், கிறிஸ்துமஸின் பொருள் என்ன என்று சொல்லுங்கள்.

கடவுள் மனிதரானார் என்பதுதான் அதன் பொருள். "அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று யோவான் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார்.

அதே செய்தியை லூக்கா ஒரு கதையாகச் சொல்கிறார். அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பேரரசன் குடிமதிப்புக்குக் கட்டளையிடுகிறான். பிள்ளைப்பேறு நெருங்கிய ஒரு பெண் அதற்காகப் பயணம் போக வேண்டியிருக்கிறது. சத்திரத்தில் இடமில்லை. பிறந்த குழந்தையை மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டியில், அதாவது முன்னணையில், கிடத்துகிறார்கள். இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம் தேவதூதன் என்ன அடையாளம் சொன்னான்? "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தியிருக்கக் காண்பீர்கள்." அரண்மனையோ, வாசலில் காவலோ அடையாளமாகச் சொல்லப்படவில்லை. அப்புறம் பெற்றோர் குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது செலுத்திய பலி இரண்டு புறாக்கள். ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவளுக்கு லேவியராகமம் 12:8 கொடுத்த சலுகை அது. லூக்கா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், பலர் கவனிப்பதில்லை.

உலகத்தைப் படைத்தவர் ஏழை வீட்டுப் பிள்ளையாக வந்தார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகக் கிடைக்கும். ஒரு அலங்காரம் நம் கண்ணை முன்னணைப் பக்கம் திருப்புகிறதா, முன்னணையை மறைக்கிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல்.

கடைகள் கிறிஸ்துமஸைக் கெடுத்துவிட்டன என்கிறார்கள். இந்தக் கவலை இந்தக் காலத்தில்தான் வந்ததா?

மிகப் பழைய கவலை. 380ஐ ஒட்டிய ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் நசியான்சு கிரகோரியார் என்ற ஆயர் கிறிஸ்து பிறப்புப் பிரசங்கம் ஒன்று செய்தார். வீட்டு வாசல்களை அலங்கரிக்க வேண்டாம், தெருக்களைச் சிங்காரிக்க வேண்டாம், ஆட்டமும் குடியும் விருந்தும் வேண்டாம் என்று அதில் அடுக்கிக்கொண்டே போகிறார். நம்மைப் போலவே அதே மண்ணால் உருவான மனிதர்கள் பசித்திருக்கும்போது நாம் இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார். அப்போது மின்விளக்கும் இல்லை, வணிக வளாகமும் இல்லை.

1640களில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து லூத்தரன் இறையியலாளர் யோஹன் கொன்ராட் டன்ஹவர், வீடுகளில் ஊசியிலை மரத்தை வைத்து அதில் பொம்மையும் இனிப்பும் தொங்கவிடும் பழக்கத்தைக் குறிப்பிட்டு, மக்கள் கடவுளுடைய வார்த்தையைவிட இந்த அற்ப விஷயங்களில்தான் பண்டிகை நாளைக் கழிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

ஆகவே, கடைக்காரர்கள் வந்துதான் நம்மைத் திசை திருப்பினார்கள் என்று சொல்வது சரியாகாது. கண்ணுக்கு அழகானதைப் பார்த்து மனம் அங்கேயே நின்றுவிடுவது நம்மிடம் எப்போதும் உள்ள பலவீனம். வியாபாரம் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வேதத்தில் எங்கும் கிறிஸ்துமஸ் அலங்காரம் இல்லையே. இல்லாததைச் செய்யலாமா?

கிறிஸ்துமஸ் பண்டிகையே வேதத்தில் இல்லை. அதனால் இந்தக் கேள்வியை மதிக்கிறேன். வேதம் கட்டளையிட்டதை மட்டும் ஆராதனையில் செய்ய வேண்டும் என்பது சீர்திருத்தச் சபைகளில் ஒரு பிரிவினரின் உறுதியான கொள்கை. வேதம் விலக்காததைச் செய்யலாம் என்பது லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளின் பொதுவான போக்கு. கத்தோலிக்கரும் கிழக்குத் திருச்சபைகளும் மரபுக்கும் இடம் கொடுக்கிறார்கள்.

ஆனால் அழகு என்பதே கடவுளுக்கு ஆகாது என்ற எண்ணம் வேதத்திலிருந்து வரவில்லை. யாத்திராகமம் 31இல், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வணங்கிய ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்காகப் பெசலெயேல் என்ற கைவினைஞரைக் கடவுள் தம்முடைய ஆவியால் நிரப்புகிறார். பொன், வெள்ளி, வெண்கலம், மரம், இரத்தினக் கல் எல்லாவற்றிலும் கைவேலை செய்வதற்காக! அழகு அங்கே வணக்கத்துக்கு வேலை செய்தது. அதே யாத்திராகமத்தில் அடுத்த அதிகாரத்திலேயே பொன்னால் கன்றுக்குட்டியும் செய்கிறார்கள். இரண்டு இடத்திலும் பொன் ஒன்றுதான்.

டிசம்பர் 25 சூரிய தேவன் பண்டிகை, ஆகவே கிறிஸ்துமஸே புறமதத்தது என்கிறார்களே?

இயேசு பிறந்த தேதியைச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை. டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாள் என்ற குறிப்பு 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் இருக்கிறது. 'வெல்லப்படாத சூரியன்' வழிபாட்டை அவுரேலியன் பேரரசன் 274இல் முன்னுக்குக் கொண்டுவந்தான் என்பது உண்மை. ஆனால் அந்தச் சூரியனின் விழா டிசம்பர் 25இல் நடந்ததைச் சொல்லும் குறிப்பும் அதே 354 நாட்காட்டித் தொகுப்பில்தான் வருகிறது. யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். மரியாள் கருவுற்ற நாளை மார்ச் 25 என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் கூட்டி இந்தத் தேதிக்கு வந்தார்கள் என்பது இன்னொரு விளக்கம்.

ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அது ஜனவரி 7. தேதியில் என் விசுவாசம் தொங்கிக்கொண்டிருக்கவில்லை; உங்களுடையதும் தொங்க வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் மரத்தை எரேமியா 10 கண்டிக்கிறதா?

இல்லை. காட்டில் மரத்தை வெட்டி, தச்சன் வாச்சியால் செதுக்கி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணியால் இறுக்குகிறார்கள் என்று அந்தப் பகுதி சொல்வது விக்கிரகத்தை. அதற்குப் பயப்படாதீர்கள், அதனால் நன்மையும் செய்ய முடியாது தீமையும் செய்ய முடியாது என்று அடுத்து வருகிறது. வீட்டில் வைத்த மரத்துக்கு முன்னால் யாரும் விழுந்து கும்பிடுவதில்லை.

மரத்தின் வரலாறும் அவ்வளவு இருட்டானதல்ல. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் வீடுகளில் வைத்த மரங்களைப் பற்றி ஒரு குறிப்பு கிடைக்கிறது. வண்ணக் காகிதத்தில் வெட்டிய ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பத் துண்டுகள், பொன் தகடு, இனிப்பு ஆகியவற்றைத் தொங்கவிட்டார்களாம். டிசம்பர் 24இல் ஆதாம் ஏவாள் நாடகம் நடிக்க மேடையில் வைத்த ஏதேன் மரத்திலிருந்து இது வந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் ஆப்பிள், பாவத்தில் விழுந்துபோன மனிதனையும், அப்பம், அவனைத் தேடி வந்த மீட்பரையும் நினைவூட்டும். அந்தப் பொருளோடு ஒரு மரத்தை வைக்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கிறிஸ்துமஸையே மறுத்த கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்களா?

இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1647இல் ஆங்கிலேயப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸைப் பண்டிகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் வந்தது, 1681இல் நீக்கினார்கள். பிரஸ்பிடேரியன் செல்வாக்கு ஆழமாக இருந்த ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எல்லா நாளும் கடவுளுடைய நாளே என்று சொல்லி, மரபாகவே தனிப் பண்டிகை வைக்கவில்லை.

அவர்களை வறண்ட மனிதர்கள் என்று தள்ளிவிட வேண்டாம். அன்றைய கிறிஸ்துமஸில் குடியும் சூதும் தெருச் சண்டையும் மலிந்திருந்தன. கிறிஸ்துவின் பெயரில் இதெல்லாம் நடக்கிறதே என்ற வேதனைதான் அவர்களைப் பேச வைத்தது. தடை போட்டதை நான் ஏற்கவில்லை. அந்த வேதனையை ஏற்கிறேன்.

கடை அலங்காரத்தில் பனியும் மானும் இருக்கின்றன, இயேசு இல்லை. நாம் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டாமா?

வேண்டாம் என்பது என் பதில். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015 நவம்பரில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அந்தப் பருவத்துக்கான காபிக் கோப்பையை வெறும் சிவப்பு நிறத்தில் வெளியிட்டது. முந்தைய ஆண்டுகளில் பனித்துகள், மான் போன்ற படங்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டதால் கிறிஸ்துமஸை அவமதித்துவிட்டார்கள் என்று அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் சிலர் கொதித்தார்கள். பழைய கோப்பையில் என்ன இருந்தது? பனித்துகள். பெத்லகேமில் நடந்ததற்கும் பனித்துகளுக்கும் என்ன தொடர்பு? காகிதக் கோப்பையில் படம் இல்லை என்று நாம் கோபப்படும்போது, படம் இருந்தால் போதும் என்று சொன்னதாகிவிடுகிறது.

இன்னொரு சம்பவம் இதைவிட ஆழமானது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பாட்டக்கெட் நகரம், கடைவீதியை ஒட்டிய ஒரு பூங்காவில் வணிகர் சங்கத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் அலங்காரம் வைத்துவந்தது. சாண்டாவின் வீடு, அவர் வண்டியை இழுக்கும் மான்கள், மரம், வண்ண விளக்குகள், கோமாளி, யானை, கரடி ஆகியவற்றின் அட்டை உருவங்கள், வாழ்த்துப் பதாகை. இவற்றுக்கு நடுவே ஒரு கிறிஸ்து பிறப்புக் குடில். அரசு மதத்தை ஆதரிக்கக் கூடாதே என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் குடில் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவர்கள் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவரான நீதிபதி பிளாக்மன் சொன்னதைப் படித்தால் மனம் கனக்கும். இந்தத் தீர்ப்பால் குடில் பண்டிகைக் காலத்தை அறிவிக்கும் ஒரு பொதுவான பொருளாகிவிட்டது, வியாபாரத்துக்குப் பயன்படும், தனக்கென்று உட்பொருள் எதுவும் இல்லாதது என்ற பொருளில் எழுதினார். குடிலுக்கு இடம் கிடைத்தது. யானைக்கும் கோமாளிக்கும் பக்கத்தில்.

வியாபாரத்துக்கு வியாபாரத்தின் வேலை இருக்கிறது. நற்செய்தி அறிவிக்கும் பொறுப்பை ஆண்டவர் தம் சீஷர்களிடம் கொடுத்தார். அந்த வேலையைக் கடைக்காரர் செய்யவில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போவது, நம் வேலையை அவர் தலையில் கட்டுவதுதான்.

கிறிஸ்துமஸ் எப்போது இவ்வளவு பெரிய வியாபாரமானது?

பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில். அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில் வந்தது. 1882இல் நியூயார்க்கில், எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டு மரத்தில் மின்விளக்கு பொருத்தினார். நாட்காட்டியையே வியாபாரம் நகர்த்திய ஆண்டும் உண்டு: 1939இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று வணிகர்கள் கேட்டதற்காக, அந்த விற்பனை தொடங்கும் நவம்பர் மாத நன்றியறிதல் நாளை ஒரு வாரம் முன்னே தள்ளினார்.

சாண்டா கிளாஸை வீட்டில் அனுமதிக்கலாமா?

நான்காம் நூற்றாண்டில் மீரா நகரத்து ஆயராக இருந்த நிக்கொலாஸ்தான் இதற்கு மூலம். மீரா இன்றைய துருக்கியில் இருக்கிறது. வரதட்சிணை கொடுக்க முடியாமல் தவித்த மூன்று பெண்களின் வீட்டுக்குள் அவர் இரவில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பைப் போட்டார் என்பது மரபுக் கதை. அவருடைய திருநாள் டிசம்பர் 6. இன்று நாம் காணும் உருவம் 1823இல் வெளிவந்த ஒரு அமெரிக்கக் கவிதையிலும் பிறகு தாமஸ் நாஸ்டின் ஓவியங்களிலும் வளர்ந்து, 1931 முதல் கோகோ கோலா விளம்பரங்களால் உலகமெங்கும் பரவியது.

பிள்ளைகளுக்கு ஆயரின் கதையைச் சொல்லுங்கள். பேர் தெரியாமல் கொடுத்தவர் அவர். நல்ல பிள்ளைக்குப் பரிசு, கெட்ட பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கணக்குப் பார்க்கும் சாண்டாவை நான் ஏற்பதில்லை. தகுதி பார்க்காமல் கொடுக்கப்பட்ட குழந்தையின் பண்டிகையில் அந்தப் பாடம் வேண்டாம்.

அலங்காரத்தை எப்போது தொடங்குவது? கடைகள் இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுகின்றனவே.

வணிக அலங்காரம் நமக்குச் செய்த பெரிய இழப்பு இதில்தான் என்று நினைக்கிறேன். காத்திருப்பதை அது எடுத்துக்கொண்டுவிட்டது.

மேற்கத்தியத் திருச்சபைகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். ஆயத்தமும் மனந்திரும்புதலும் அதன் தன்மை. அந்த நாட்களில் ஆலயத்தில் ஊதா நிறத் துணி பயன்படுத்துவது அதனால்தான். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாளும் உபவாசம். அதற்கு அப்புறம்தான் பண்டிகை தொடங்கி, ஜனவரி 6 வரை பன்னிரண்டு நாள் போகும். 567இல் பிரான்சின் தூர் நகரத்தில் கூடிய ஆயர்கள் சங்கமே இந்த நாட்களைப் பண்டிகைக் காலமாகக் குறித்திருக்கிறது. கடையின் காலண்டரோ நேர் எதிர். உபவாச நாட்களில் விருந்து நடக்கிறது, திருச்சபை பாடத் தொடங்கும் டிசம்பர் 26 அன்று விளக்கை அவிழ்த்துப் பெட்டியில் வைக்கிறார்கள்.

காத்திருக்கக் கற்றுத்தரும் அலங்காரமும் உண்டு. 1839இல் ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோஹன் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லூத்தரன் ஊழியர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பெரிய மரச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். சாதாரண நாளுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி, ஞாயிற்றுக்குப் பெரிய வெள்ளை. நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். இன்று சபைகளில் காணும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வளர்ந்ததுதான். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். ஒரே நாளில் ஆயிரம் விளக்கைப் போட்டால் இது கிடைக்காது.

வீட்டில் இப்படிச் செய்யலாம்: முதல் ஞாயிறு ஒரு மெழுகுவர்த்தி, வேதப் பகுதி. அடுத்த வாரம் காலித் தொழுவம். பிறகு மாடும் மேய்ப்பர்களும். குழந்தை உருவத்தை 24ஆம் தேதி இரவு வரை வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வைக்கும் பொறுப்பை அதனிடமே கொடுங்கள். காலியாக இருக்கும் அந்தத் தொட்டியைப் பிள்ளைகள் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

குடிலில் சாஸ்திரிகளை வைப்பது தவறா? அவர்கள் அன்றிரவு வரவில்லையே.

சாஸ்திரிகள் என்பவர்கள் நட்சத்திரத்தைக் கண்டு கிழக்கிலிருந்து வந்த ஞானிகள். மத்தேயு சொல்வதன்படி அவர்கள் ஒரு வீட்டுக்குள் வந்து பிள்ளையைக் கண்டார்கள். மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. மூன்று காணிக்கைகள்தான் மூவர் என்ற வழக்கத்துக்குக் காரணம். சிலர் சாஸ்திரிகளை அறையின் மறுமூலையில் வைத்து, நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

குடில் பரவக் காரணமாக இருந்தவர் அசிசி பிரான்சிஸ் என்ற துறவி. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் வைக்கோலும் முன்னணையும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவரச் செய்தார். குழந்தை இயேசு எந்த வசதியும் இல்லாமல் கிடந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. ஊர் மக்கள் தீவட்டியும் மெழுகுவர்த்தியும் ஏந்தி வந்தார்கள். முன்னணையின் மேல் திருப்பலி நடந்தது, பிரான்சிஸ் சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கித்தார். ஏழ்மையைக் காட்டுவதற்காகவே வைத்த காட்சி அது. யாருடைய குடில் பெரிது என்று போட்டி வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்? அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே.

பெத்தானியா மரியாள் முந்நூறு பணம் பெறும் பரிமளத் தைலத்தை இயேசுவின் பாதத்தில் ஊற்றியபோது இதே கேள்வியைக் கேட்டவன் யூதாஸ். இயேசு அவளைத் தடுக்கவில்லை. அன்பு சில நேரம் கணக்குப் பார்க்காது. ஒரு வீடு ஆண்டுக்கு ஒருமுறை அழகாக இருப்பதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மரியாள் தன் தைலத்தைத்தான் ஊற்றினாள். கடன் வாங்கி ஊற்றவில்லை, பக்கத்து வீட்டாரைவிட நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஊற்றவில்லை. அலங்காரத்துக்குக் கடன் வாங்குவதை மட்டும் தயங்காமல் தவறு என்று சொல்வேன்.

சபைக் கட்டடத்துக்கு, நான்காம் நூற்றாண்டுப் பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோமின் எச்சரிக்கை பொருந்தும். கிறிஸ்துவின் உடலை ஆலயத்துக்குள் பட்டாடையால் கௌரவித்துவிட்டு, வெளியே குளிரிலும் நிர்வாணத்திலும் வாடும் கிறிஸ்துவை அலட்சியம் செய்யாதீர்கள் என்று மத்தேயு பற்றிய பிரசங்கத்தில் சொன்னார். ஆலயத்தை அலங்கரிக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. முதலில் பசித்தவனுக்குச் சோறு, மிச்சத்தில் அலங்காரம் என்று வரிசை வைத்தார். அலங்காரக் குழுவும் உதவிக் குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பட்ஜெட் போடும் சபையில் இந்த வரிசை எளிதாக நிலைக்கும்.

இன்னொன்றும் உண்டு. உலகின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பெரும் பங்கு சீனாவின் யீவூ நகரத்திலிருந்து போகிறது. யாரோ ஒருவர் கை சாயத்திலும் மினுக்குத் தூளிலும் நாள் முழுக்கக் கிடந்து அதைச் செய்கிறார். கூலியாளின் கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்லும். ஆண்டுதோறும் புதிதாக வாங்கித் தூக்கிப்போடாமல், வாங்கியதைப் பத்திரப்படுத்திப் பல ஆண்டு பயன்படுத்துங்கள்.

அலங்காரப் பொருள் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். மனசாட்சி உறுத்துகிறது.

யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரர் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். நேர்மையான விலை, பொய் இல்லாத பேச்சு, உடன் வேலை செய்பவரிடம் கனிவு. டிசம்பரில் கால் கடுக்க நிற்கும் உங்களுக்கு ஞாயிறு ஆராதனைக்குப் போக நேரம் கிடைப்பதே பெரிய பாடு என்று தெரியும். அதைச் சபை புரிந்துகொண்டு, மாலையிலோ வேறு நாளிலோ ஒரு ஆராதனை வைத்தால் நல்லது.

என் கணவருக்கு மரம் வைப்பதே பிடிக்கவில்லை, எனக்குப் பிடிக்கும். என்ன செய்வது?

ரோமர் 14 இப்படிப்பட்ட வீட்டுக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான். அவனவன் தன் மனதில் முழு நிச்சயத்தோடு இருக்கட்டும் என்கிறார் பவுல். மனசாட்சியில் உறுத்தல் உள்ளவரை வற்புறுத்த வேண்டாம். உறுத்தல் இல்லாதவரைக் குறைந்த பக்தி உள்ளவர் என்று நினைக்கவும் வேண்டாம்.

அவருக்கு எது பிடிக்கவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். சிலருக்கு மரம் விக்கிரகம் போலத் தோன்றும்; சிலருக்குச் செலவு; சிலருக்குப் பழைய குடும்ப நினைவு. மரத்தை விட்டு மெழுகுவர்த்தியும் குடிலும் வைக்க அவர் சம்மதித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரம் இல்லாத கிறிஸ்துமஸைத் தாங்கலாம். சண்டை போட்டு வைத்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த ஆண்டு வீட்டில் துக்கம். எதுவும் வைக்க மனமில்லை. தவறா?

தவறே இல்லை. 1943 டிசம்பரில் டீட்ரிஹ் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர் பெர்லின் சிறையிலிருந்து பெற்றோருக்கு எழுதினார். மனிதர் ஒதுக்கும் இடத்துக்கே கடவுள் வருகிறார், சத்திரத்தில் இடமில்லாததால் கிறிஸ்து தொழுவத்தில் பிறந்தார் என்பதெல்லாம் ஒரு கைதிக்கு மற்றவரைவிட நன்றாகப் புரியும் என்ற கருத்தில் எழுதியிருந்தார். அந்த அறையில் கொண்டாட்டத்துக்கான எதுவும் இல்லை, ஆனால் கிறிஸ்து பிறப்பின் செய்தி முழுதாக அங்கே இருந்தது.

துக்க வீட்டில் விளக்கு எரியவில்லை என்று யாரும் குறை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விரும்பினால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் படியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் மரமும் நட்சத்திரமும் வைக்கிறார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லா ஜனத்துக்கும்" சந்தோஷம் உண்டாக்கும் நற்செய்தி என்றுதான் தேவதூதன் சொன்னான். யாராவது இந்த நட்சத்திரம் எதற்கு என்று கேட்டால், தெளிவாகவும் அன்பாகவும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகளுக்கே அது தெரிவதில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

அலங்காரத்தை எப்போது எடுப்பது?

கட்டளை எதுவும் இல்லை, மரபு உண்டு. பலர் ஜனவரி 5 இரவோ 6ஆம் தேதியோ எடுக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலம் முடிகிறது; பெரும்பாலும் ஜனவரி 6ஐ அடுத்து வரும் ஞாயிறு அது. இன்னும் சிலர் குடிலை மட்டும் பிப்ரவரி 2 வரை வைத்திருப்பார்கள். குழந்தையைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோன நாற்பதாம் நாளை நினைவுகூரும் திருநாள் அது. எந்த நாளைத் தேர்ந்தெடுத்தாலும் டிசம்பர் 26 அன்றே எடுத்துவிடாதீர்கள், பண்டிகை அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. எடுக்கும்போது குடில் உருவங்களைத் தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள், மெழுகுவர்த்திகளை வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு புதிதாக வாங்க வேண்டியிருக்காது.